பூஞ்சை மூளைக்காய்ச்சல்: கிருமி அடங்கிய பிறகும் ஏன் உடம்பு படுத்துகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு மருந்து எடுத்து, தேறி, வீட்டுக்குப் போனவர் சில வாரம் கழித்து மறுபடி அதே தலைவலியோடு வருவார். கூட வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எல்லாம் சரியாகிவிட்டது என்றீர்களே, சார்?" வார்டு வராந்தாவில் நின்றபடி அவசரத்தில் சொல்லும் பதில் யாருக்கும் போதுவதில்லை. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். மருந்தளவுகளைக் குறிப்பிட்டிருப்பது விஷயம் புரிவதற்காக மட்டும். உங்கள் நோயாளிக்கு எது, எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டு மாடியில் புறாக்கள் இருக்கின்றன. அதனால் வந்ததா? எங்களுக்கும் தொற்றுமா?

புறாவால் வந்திருக்கலாம். ஆனால் இப்போது அவற்றைத் துரத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் புறா எச்சம் கலந்த மண்ணில் வளர்கிறது. அதன் பங்காளியான கிரிப்டோகாக்கஸ் காட்டி, யூகலிப்டஸ் போன்ற மரங்களை ஒட்டி இருக்கும். தூசியோடு மூச்சில் போகிறது. நம்மில் பலர் அதைச் சுவாசித்திருப்போம், நுரையீரலோடு அது அடங்கிப் போயிருக்கும். எச்ஐவியால் சிடி4 அணுக்கள் (எதிர்ப்பு சக்தியை வழிநடத்தும் ஒரு வகை வெள்ளணு) 100-க்கும் கீழே போனவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்குத்தான் பெரும்பாலும் அது மூளை வரை போகிறது.

ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை.

இந்தப் பூஞ்சையின் தனி அடையாளம் அதன் மேலுறை. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு தண்டுவட நீரோடு (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர், முதுகில் ஊசி போட்டு எடுப்பது) ஒரு சொட்டு இந்தியா இங்க், அதாவது படம் வரைகிறவர்கள் வைத்திருக்கும் கறுப்பு மை, கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கறுப்புத் திரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் தெரியும். நடுவில் பூஞ்சை, சுற்றிலும் மை நுழைய முடியாத வழவழப்பான உறை. பாதி வெந்த ஜவ்வரிசியில் நடுவே வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் கண்ணாடி மாதிரியும் இருக்குமே, அதே தோற்றம். இந்த ஜவ்வரிசியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிருமி செத்துவிட்டது என்கிறீர்கள். அப்புறம் எப்படி மோசமாகிறார்?

செத்த பூஞ்சை உடனே காணாமல் போய்விடாது. அதன் உறை ஒரு வகைச் சர்க்கரைப் பொருள். அது தண்டுவட நீரில் மிதந்துகொண்டும், மூளையைச் சுற்றிய சவ்வின் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டும் மாதக்கணக்கில் இருக்கும். நோய் முற்றியிருந்த காலத்தில் உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லை, அதனால் இந்தக் குப்பையை யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது மருந்தால் எதிர்ப்பு சக்தி திரும்புகிறது. திரும்பியதும் மிச்சம் கிடக்கும் உறைகளைப் பார்த்து மொத்தப் படையும் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் அழற்சி.

காலில் முள் தைத்தால் வீங்கிச் சிவந்து வலிக்கும், ஆனால் வீங்குவதற்கு அங்கே இடம் இருக்கிறது. மண்டை ஓடு எலும்புப் பெட்டி. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் அழுத்தம் ஏறும், நரம்பு நசுங்கும், நீர் வடியும் பாதை அடைபடும், ரத்தக் குழாய் சுருங்கும். தலைவலி, வாந்தி, மங்கிய பார்வை, இரட்டையாகத் தெரிவது, காது மந்தம், வலிப்பு, நடை தள்ளாட்டம் எல்லாம் இந்த நாலில் ஏதாவது ஒன்றிலிருந்து வருபவை.

பூஞ்சைக்கான மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் இது தீராது என்பது இதனால்தான்.

சீட்டில் 'ஐரிஸ்' என்று எழுதியிருக்கிறது. கண்ணில் ஏதாவது கோளாறா?

கண்ணின் கருவிழித் திரைக்கும் ஐரிஸ் என்று பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. ஒருவர் இதைப் பார்த்துவிட்டு நேராகக் கண் ஓபியில் போய் வரிசையில் நின்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எழுதியவர் ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். இங்கே ஐரிஸ் என்பது எதிர்ப்பு சக்தி மீண்டு வரும்போது ஏற்படும் அழற்சியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துச் சுருக்கம்.

இதில் இரண்டு வகை. பூஞ்சைக் காய்ச்சல் கண்டுபிடித்து, மருந்து கொடுத்து, தேறியவருக்கு எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி கூட்டு மருந்து தொடங்கிய பிறகு திரும்ப மோசமாவது ஒன்று. உள்ளே பூஞ்சை இருந்ததே யாருக்கும் தெரியாமல், ஏஆர்டி தொடங்கிய சில வாரத்தில் அது தலைகாட்டுவது இன்னொன்று. இரண்டாவதைத் தடுக்கத்தான் சிடி4 குறைவாக இருப்பவர்களுக்கு ஏஆர்டி தொடங்கும் முன் ரத்தத்தில் கிரிப்டோகாக்கல் ஆன்டிஜன், அதாவது பூஞ்சை உறையின் துணுக்கு, இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரி ஒரு பட்டை போதும், பத்து நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும்.

இந்தியாவில் அரசு இலவசமாக ஏஆர்டி கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முன்பு எதிர்ப்பு சக்தி மீள்வதற்கே வழியில்லாமல் இருந்தது. ஐரிஸ் ஒருவகையில் அந்த நல்ல மருந்து கூட்டிக்கொண்டு வந்த தொல்லை.

எச்ஐவி மருந்தை உடனே ஏன் தொடங்கவில்லை? தாமதம் செய்துவிட்டீர்களா?

தாமதம்தான், ஆனால் வேண்டுமென்றே செய்தது. காசநோயோ வேறு தொற்றோ இருந்தால் ஏஆர்டியைச் சீக்கிரம் தொடங்குவது பெரும்பாலும் நல்லது. மூளைக்குள் நடப்பது மட்டும் வேறு கணக்கு. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 177 நோயாளிகளை வைத்து நடந்த கோட் என்ற ஆய்வு 2014-இல் வெளியானது. மூளைக்காய்ச்சல் கண்டறிந்த ஒன்றிரண்டு வாரத்தில் ஏஆர்டி தொடங்கியவர்களில் 26 வாரத்துக்குள் 45 சதவீதம் பேர் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் புதிதாக ஆள் சேர்ப்பதையே பாதியில் நிறுத்தினார்கள்.

அதில் என்னை யோசிக்க வைத்த விஷயம் வேறு. முதல் முறை எடுத்த தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் 5-க்கும் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் அவசரமாக ஏஆர்டி தொடங்கியது அதிகக் கேடு செய்தது. தண்டுவட நீர் 'சுத்தமாக' இருக்கிறதே என்று நாம் நினைப்போம். உண்மையில் வீடு முழுக்கத் திருடன், ஆனால் நாய் குரைக்கவே இல்லை என்ற நிலை அது. அந்த நாய் திடீரென்று விழித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்வது நான்கு முதல் ஆறு வாரம். அந்த இடைவெளியில் பூஞ்சை மருந்து தன் வேலையை முடித்து, குப்பை கொஞ்சம் குறைந்திருக்கும்.

எத்தனை நாளில் வரும்? எல்லோருக்கும் வருமா?

எல்லோருக்கும் வராது. ஏஆர்டி தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் அதிகம், சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் வந்திருக்கிறது. ஆரம்பத்தில் பூஞ்சை எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தவர்கள், சிடி4 அடிமட்டத்தில் இருந்தவர்கள், மேலே சொன்னதுபோல் தண்டுவட நீரில் வெள்ளணு இல்லாதவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கழுத்திலோ நெஞ்சுக்குள்ளோ நெறி கட்டுவதாகவும் வெளிப்படலாம். அப்போது எல்லோரும் முதலில் நினைப்பது காசநோயைத்தான், நினைப்பதும் சரிதான்.

இது அழற்சிதானா, பூஞ்சையே திரும்பிவிட்டதா? எப்படித் தெரியும்?

இதுதான் கஷ்டமான இடம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், மருத்துவமோ நேரெதிர். பூஞ்சை திரும்பியிருந்தால் அதைக் கொல்லும் மருந்தைக் கூட்ட வேண்டும். அழற்சி என்றால் உடம்பின் கோபத்தைத் தணிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஆள் தாங்கமாட்டார்.

முதல் கேள்வி மிகச் சாதாரணமானது: பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா? இதைக் கேட்கும்போது அதட்டக் கூடாது, அதட்டினால் எல்லோரும் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்ப்பது மேல். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறவர் என்றால் அது ஃப்ளூகோனசோலின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கும், வேலை முழுசாக நடந்திருக்காது.

அடுத்தது முதுகில் நீர் எடுத்துக் கல்ச்சர் போடுவது, அதாவது அந்த நீரிலிருந்து பூஞ்சை வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பது. மை வைத்துப் பார்த்ததில் ஜவ்வரிசி தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், செத்த ஜவ்வரிசியும் மைக்ராஸ்கோப்பில் உயிருள்ளது போலத்தான் தெரியும். ஆன்டிஜன் பாசிட்டிவ் என்பதும் அப்படித்தான், உறைத் துணுக்குகள் மிச்சம் இருக்கும் வரை அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட பாசிட்டிவாகவே வரும். குணமானவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பரிசோதனையை எடுத்துப் பார்த்துக் கலங்கிப்போகிறவர்கள் உண்டு, வீண் செலவு. உயிரோடு இருப்பது மட்டும்தான் கல்ச்சரில் வளரும். அதற்கு நாளாகும், இரண்டு வாரம்வரை வைத்துப் பார்க்க வேண்டும். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, வெள்ளணுக்கள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன, சிடி4 ஏறியிருக்கிறது, வைரஸ் அளவு இறங்கியிருக்கிறது என்றால் தராசு அழற்சிப் பக்கம் சாயும்.

காசநோய் மூளைக்காய்ச்சல் கூடவே இருக்கிறதா என்பதை நம் ஊரில் பார்க்காமல் விடக் கூடாது. எம்ஆர்ஐ எடுத்தால் சவ்வு தடித்திருக்கிறதா, நீர் தேங்கியிருக்கிறதா, ரத்தக் குழாய் அடைத்துச் சின்னதாகப் பக்கவாதம் வந்திருக்கிறதா என்று தெரியும். பூஞ்சையைக் கொல்லும் ஆம்ஃபோடெரிசின் ஊசி போடும் நாட்களில் பொட்டாசியம் சரிந்தோ சிறுநீரகம் மந்தப்பட்டோ ஆள் சோர்ந்து கிடப்பதும் நடக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் முடிகிற விஷயம் என்பதால் அதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

முதுகில் திரும்பத் திரும்பத் தண்ணீர் எடுக்கிறீர்களே, இடுப்பு விளங்காமல் போய்விடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கையெழுத்துப் போட மறுத்துக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் இதற்காகத்தான் போகிறார்கள். ஊசி இறங்கும் இடத்தில் தண்டுவடமே கிடையாது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நீர் நிறைந்த பையில் நரம்புகள் நூல் நூலாகத் தொங்குகின்றன. ஊசி அங்கேதான் போகிறது, நூல்கள் விலகிக்கொள்ளும். எடுத்த பின் தலைவலியோ முதுகில் குத்தலோ ஓரிரு நாள் இருக்கலாம். இடுப்பு போகாது. ஸ்கேனில் கட்டியோ அடைப்போ தெரிந்தால் மட்டும் யோசித்துச் செய்வோம்.

எடுக்காவிட்டால் என்ன போகும் என்பதையும் சொல்ல வேண்டும்: கண். ஊசியை இறக்கி, அதன் முனையில் அளவுகோடு போட்ட மெல்லிய குழாயை நிமிர்த்திப் பிடித்தால், உள்ளிருந்து நீர் தானாக ஏறும். சாதாரணமாக 20 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட வேண்டும். இந்த நோயாளிகளுக்கு 30, 35 என்று ஏறிக்கொண்டே போகும். சிலசமயம் குழாயின் உச்சியைத் தாண்டி வழிந்து கையுறையை நனைக்கும். அவ்வளவு அழுத்தத்தில் கண்ணுக்குப் போகும் நரம்பு நாட்கணக்கில் நசுங்கிக்கொண்டிருந்தால் பார்வை திரும்பாது. 25-க்கு மேல் இருந்தால் 20 முதல் 30 மில்லி வரை நீரை இறக்கி அழுத்தத்தைக் குறைக்கிறோம். தலையைப் பிடித்துக்கொண்டு முனகியவர் அதே மேசையில் "இப்போ லேசா இருக்கு சார்" என்பார். ஊசி மாத்திரை எதுவும் இவ்வளவு சீக்கிரம் தராத நிம்மதி அது.

அப்புறம் ஏன் நாளைக்கும்? நம் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் தண்டுவட நீரைச் சுரக்கிறது. மொத்தமாக உள்ளே இருப்பதோ 150 மில்லி அளவுதான். நாம் எடுத்த 30 மில்லி ஒன்றரை மணி நேரத்தில் திரும்ப ஊறிவிடும். வடிகிற வழி அடைபட்டிருக்கும்வரை தினமும் எடுக்க வேண்டியிருக்கலாம். வாரக்கணக்கில் அழுத்தம் இறங்காவிட்டாலோ, மூளை அறைகளில் நீர் தேங்கி அவை உப்பினாலோ, தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு ஷன்ட் குழாய் வைக்கும் அறுவை சிகிச்சை. வெளியில் தெரியாது, தோலுக்கு அடியில் ஓடும்.

மாத்திரையால் அழுத்தத்தைக் குறைக்க முடியாதா என்றும் கேட்பார்கள். அசிட்டசோலமைடு கொடுத்துத் தாய்லாந்தில் பார்த்தார்கள். ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தானதால் பாதியிலேயே கைவிட்டார்கள். மூளை வீக்கத்துக்கு நரம்பில் ஏற்றும் மானிட்டாலும் இதற்கு உதவாது.

அழற்சிதான் காரணம் என்றால் ஸ்டீராய்டை முதல் நாளே கொடுத்திருக்கலாமே?

நியாயமான கேள்வி. காசநோய் மூளைக்காய்ச்சலில் அப்படித்தான் முதல் நாளே கொடுக்கிறோம், உயிரும் காக்கிறது. அதே நம்பிக்கையில் வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா, லாவோஸ், மலாவி, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் கிரிப்டோகாக்கஸ் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிரிப்டோடெக்ஸ் ஆய்வு, 2016-இல் வெளியானது. 451 பேர் சேர்ந்த நிலையில் நிறுத்த வேண்டியதாயிற்று. பத்தாவது வாரத்தில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 47 சதவீதமும் எடுக்காதவர்களில் 41 சதவீதமும் இறந்திருந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் ஊனமில்லாமல் நன்றாகத் தேறியவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 13 சதவீதம், மறுபக்கம் 25. ஸ்டீராய்டு பக்கம் பூஞ்சை சாகும் வேகமும் குறைந்திருந்தது.

உயிருள்ள பூஞ்சை நிறைய இருக்கும்போது காவல்காரனைத் தூங்கவைத்தால் திருடனுக்குத்தான் கொண்டாட்டம்.

சரி, இப்போது மட்டும் ஏன் கொடுக்கிறீர்கள்?

இப்போது திருடன் இல்லை, காவல்காரன் சாமான்களைப் போட்டு உடைக்கிறான். கல்ச்சர் சுத்தம், அழுத்தத்தை நீர் எடுத்துச் சமாளித்தாயிற்று, அதன் பிறகும் ஆள் மோசமாகிறார் என்றால் ஸ்டீராய்டு. வழக்கமாகப் பிரெட்னிசலோன் உடல் எடையில் கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் வரை தொடங்கி, இரண்டு முதல் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைப்போம். சிலருக்கு இன்னும் அதிக நாள் ஆகும். லேசான தலைவலி மட்டும் என்றால் ஸ்டீராய்டே தேவைப்படாமலும் போகும். ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு ஸ்டீராய்டும் ரத்தத்தில் குறைந்துபோகும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இரண்டு விஷயம் கறார். பூஞ்சை மாத்திரை நிற்கக் கூடாது. ஏஆர்டியும் நிற்கக் கூடாது, உயிருக்கே ஆபத்தான நிலை வந்தால் தவிர. "இந்த மருந்து தொடங்கிய பிறகுதானே இவருக்கு இப்படி ஆனது" என்று வீட்டில் யாராவது பெரியவர் சொல்லுவார், மாத்திரை பீரோவுக்குள் போய்விடும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

ஸ்டீராய்டுக்கு முன் சர்க்கரை, காசநோய் இரண்டும் பார்ப்பது தெரிந்ததே. தெரியாத ஒன்று குடல்புழு. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்றொரு புழு, செருப்பில்லாமல் நடக்கும் காலில் மண்ணிலிருந்து ஏறி, ஒன்றும் தெரியாமல் வருடக்கணக்கில் குடலில் குடியிருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பு முழுக்கப் பெருகி, குடல் பாக்டீரியாவை மூளைக்கே சுமந்துபோய் இன்னொரு மூளைக்காய்ச்சலை வரவைக்கும். வயல் வேலை செய்தவருக்கு ஐவர்மெக்டின் இரண்டு வேளை கொடுத்துவிட்டுத் தொடங்குவது எவ்வளவோ மேல்.

எங்கள் அண்ணனுக்கு எச்ஐவி இல்லை, சர்க்கரைகூட இல்லை. அவருக்கு ஏன் இப்படி?

ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கும் கிரிப்டோகாக்கஸ் வருவதுண்டு, அதிலும் காட்டி வகை. சிலரது உடம்பில் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற சமிக்ஞைப் பொருளுக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகியிருக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனை எதிலும் தெரியாத ஓட்டை அது.

இவர்களுக்கு எதிர்ப்பு சக்தி 'மீள' வேண்டியதில்லை, ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அதனால் அழற்சி பூஞ்சை சிகிச்சையின் போதே வந்துவிடும். இதைத் தொற்றுக்குப் பிந்தைய அழற்சி என்று தனியாகப் பிரித்து, பிஐஐஆர்எஸ் என்று பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவில் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவன மருத்துவர்கள். அவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் விசித்திரமான ஒன்று தெரிந்தது. எதிர்ப்பு சக்திப் படையின் டி அணுக்கள் "அடி, பிடி" என்று கத்திக்கொண்டிருந்தன, பூஞ்சையை விழுங்க வேண்டிய மேக்ரோஃபேஜ் அணுக்களோ அதை விழுங்காமல் சும்மா நின்றன. சத்தம் மட்டும், வேலை இல்லை. மூளைக்குச் சேதம் அந்தச் சத்தத்தால்.

குடும்பத்தார் சொல்லும் அடையாளம் ஒன்றுபோலவே இருக்கும்: காய்ச்சல் இல்லை, ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை. கடைக் கணக்குப் போடுவதில் தடுமாறுகிறார், டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார், படியிறங்கச் சுவரைப் பிடிக்கிறார். கல்ச்சர் சுத்தமாகி இப்படி இருந்தால், அந்த நிறுவனத்தில் மெத்தில்பிரெட்னிசலோன் தினம் ஒரு கிராம் வீதம் ஒரு வாரம் நரம்பில் ஏற்றி, பிறகு பிரெட்னிசலோன் மாத்திரையை மெதுவாகக் குறைத்தார்கள். சிறிய குழுதான், ஆனால் நினைவாற்றலும் தண்டுவட நீரும் சீரானதைக் கண்டார்கள். பெரிய ஒப்பீட்டு ஆய்வு இல்லாததால், பூஞ்சை செத்தது உறுதியாகாமல் இதைத் தொடக் கூடாது.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

ஒரேயடியாக நிறுத்தினால் அதுவே ஐரிஸைக் கூப்பிடும், கூடவே மாற்றிய சிறுநீரகமும் போகலாம். ஒவ்வொன்றாக, மெதுவாக, மாற்று சிகிச்சைக் குழுவோடு பேசி. பிரசவம் முடிந்த பெண்களுக்கும் இப்படி எதிர்ப்பு சக்தி சட்டென்று மீளும், அந்தச் சில வாரங்கள் கவனம் தேவை.

முதுகுவலிக்குப் போட்ட ஊசியால் பூஞ்சை மூளைக்காய்ச்சல் வந்ததாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. 2012 செப்டம்பரில் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள். மாசசூசெட்ஸில் உள்ள நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்ற மருந்துத் தயாரிப்பகம் அனுப்பிய மெத்தில்பிரெட்னிசலோன் குப்பிகளில் பூஞ்சை இருந்தது. அவற்றில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை. ஏறத்தாழ 14,000 பேருக்கு ஊசி போடப்பட்டிருந்தது, 750-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் எக்சரோஹைலம் ரோஸ்ட்ரேட்டம் என்ற கறுப்புப் பூஞ்சை. அது புல்லிலும் பயிரிலும் வாழ்வது, மனிதனுக்கு வந்ததே அபூர்வம். பூஞ்சையையும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டையும் ஒரே ஊசியில் முதுகெலும்புக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகுமோ அது ஆனது.

நம் பேச்சுக்கு இது ஏன் வருகிறது என்றால், அங்கே பிழைத்தவர்களில் பலரை விடாமல் துரத்தியது அரக்னாய்டைட்டிஸ் என்ற அழற்சி. மேலே நூல் நூலாகத் தொங்கும் நரம்புகள் என்றேனே, அவை அழற்சியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எம்ஆர்ஐயில் பார்த்தால், நூடுல்ஸ் வேகும்போது கிளறாமல் விட்டால் கட்டி தட்டுமே, அது மாதிரி. கால் எரிச்சல், மரத்துப்போதல், உட்கார முடியாத வலி, சிறுநீர் கட்டுப்பாடு குறைவது. வோரிகோனசோல் கொடுத்துப் பூஞ்சையை அழித்த பிறகும் ஒட்டிய நரம்புகள் பிரியவில்லை. இதற்குச் சிகிச்சை பெரும்பாலும் வலியைச் சமாளிப்பதுதான். பிரித்துவிடுகிறேன் என்று அறுவை செய்தால் புதுத் தழும்பு உருவாகி இன்னும் ஒட்டும் அபாயம் உண்டு.

2023-இல் மெக்சிகோவின் மட்டமோரோஸ் நகரில் முதுகில் மயக்க மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஃப்யூசேரியம் பூஞ்சையால் இதே விபரீதம் நடந்தது. இதைப் படித்துவிட்டுச் சிசேரியனுக்கு முதுகில் ஊசி வேண்டாம் என்று பயப்படாதீர்கள். நடந்தது மருந்தில் மாசு கலந்ததால் வந்ததாகச் சந்தேகிக்கப்படும் விபத்து.

பார்வை, காது, ஞாபகம் எல்லாம் திரும்புமா?

அழற்சி அடங்க அடங்க நினைவும் நடையும் மாதக்கணக்கில் மெல்ல மேலேறும். இரட்டையாகத் தெரிவது பெரும்பாலும் சரியாகும். முழுக்கப் போன பார்வை திரும்புவது அரிது. காது பாதியாவது மீளலாம், மீளாவிட்டால் கருவி வைக்கலாம். ஆறு மாதம் முடியும் முன் 'இவ்வளவுதான்' என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

எச்ஐவி உள்ளவர்களுக்கு முதல் இரண்டு வாரம் தீவிர சிகிச்சை. அதில் இப்போது லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசினை ஒரே ஒரு பெரிய டோஸாக ஏற்றி, ஃப்ளூசைட்டோசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தும் ஃப்ளூகோனசோலும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆம்பிஷன் ஆய்வு 2022-இல் அதற்கு வழிவிட்டது. பிறகு எட்டு வாரம் அதிக அளவு ஃப்ளூகோனசோல், அதன்பின் தினம் 200 மில்லிகிராம். குறைந்தது ஒரு வருடமாவது எடுத்து, சிடி4 ஏறி நிலைத்து, வைரஸ் அடங்கிய பிறகுதான் நிறுத்தும் பேச்சு. கர்ப்பமாக இருந்தாலோ குழந்தைக்குத் திட்டமிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முதல் மூன்று மாதத்தில் அதிக அளவு ஃப்ளூகோனசோல் கருவுக்கு நல்லதல்ல.

வீட்டுக்குப் போன பிறகு எதைக் கண்டால் உடனே வர வேண்டும்?

படுத்தால் கூடும் தலைவலி, விடியற்காலை வாந்தி, பார்வையில் ஓரம் இருட்டுவது அல்லது சில நொடி முழுக்க மறைவது, காதில் திடீர் அடைப்பு, வலிப்பு, பேச்சில் குழறல், வழக்கத்துக்கு மாறான தூக்கம். ஸ்டீராய்டைக் குறைக்கும் வாரங்களில் இவை எட்டிப்பார்ப்பது அதிகம். அப்போது அளவை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டாம், மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம். இரவு இரண்டு மணி என்றாலும் காலை ஓபிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் காலி மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள். கடைசியாக முதுகில் எடுத்தபோது அழுத்தம் எத்தனை சென்டிமீட்டர் என்பது அந்தச் சீட்டில்தான் எழுதியிருக்கும், பணியில் இருக்கும் மருத்துவர் முதலில் தேடுவதும் அதைத்தான்.